ஒரு ரூபாய்க்கு என்ன விலை?

1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி ரூபாய் முதன்முதலாக வெளிவந்தது. அதைக் கையில் வாங்கியவர்களின் கண் மன்னரின் முகத்தில் நிற்கவில்லை, மார்புக்கு இறங்கியது. மன்னரின் அங்கியில் ஒரு விருதுச் சங்கிலி. அதில் கடுகளவுக்கு ஒரு யானை. துதிக்கை குட்டையாகவும் உடல் தடிப்பாகவும் செதுக்கப்பட்டிருந்ததால் பார்த்தவர்களுக்கு அது பன்றியாகத் தெரிந்தது. ‘பன்றி ரூபாய்’ என்று பெயர் பரவி எதிர்ப்பு கிளம்பவே, அரசு காசைத் திரும்பப் பெற்றது. அடிக்கப்பட்ட ஏறத்தாழ 94 லட்சம் காசுகளில் சுமார் 7 லட்சம்தான் வெளியே போயிருந்தன. மீதி உருக்கு உலைக்குப் போயின. 1912-ல் வந்த காசில் யானைக்குத் தெளிவான துதிக்கையும் பெரிய காதும் வைத்து அச்சைத் திருத்தினார்கள்.

அந்த 1911 ரூபாய் இன்றும் நாணயக் கண்காட்சிகளில் விற்பனைக்கு வருகிறது. மன்னரின் தாடி மழுங்கி, யானை இருந்த இடம் வெறும் மேடாகிவிட்ட காசுக்கு ஒரு விலை. துதிக்கை வேறு, கால் வேறு என்று பிரித்துப் பார்க்க முடிகிற காசுக்கு அதைப்போலப் பல மடங்கு விலை. இரண்டிலும் ஆண்டு ஒன்று, வெள்ளி ஒன்று, எடையும் ஏறக்குறைய ஒன்று. இந்த இடைவெளி எதனால் வருகிறது என்று தெரியாமல் வாங்குகிறவர், விற்பவரின் வாய்ப்பேச்சுக்குத்தான் பணம் கொடுக்கிறார்.

முதலில் விலக வேண்டியது பழமை மயக்கம். ‘ஆயிரம் வருஷத்துக் காசு’ என்றால் கோடி பெறும் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். ராஜராஜ சோழனின் செப்புக்காசு ஆயிரம் ஆண்டு பழையதுதான். ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம், பக்கத்தில் நாகரி எழுத்தில் மன்னர் பெயர். ஆனால் இந்தக் காசு தமிழகத்திலும் இலங்கையிலும் குவியல் குவியலாகக் கிடைத்திருக்கிறது. தேய்ந்த ஒன்றை ஒரு கல்லூரி மாணவர்கூடத் தன் கைச்செலவுப் பணத்தில் வாங்கிவிடலாம். சோழன் காசு ஒன்று வீட்டில் இருப்பது பெருமைதான். அந்தப் பெருமைக்கும் சந்தை விலைக்கும் சம்பந்தமில்லை.

இதைவிட நல்ல உதாரணம் கடலுக்கடியில் கிடந்தது. சென்னை மாகாணத்தில் புழங்குவதற்காக கிழக்கிந்தியக் கம்பெனி 1808-ல் இங்கிலாந்தின் சோஹோ நாணயச்சாலையில் 10 காசு, 20 காசு செப்பு நாணயங்களை அடித்தது. அவற்றை ஏற்றிக்கொண்டு கிளம்பிய ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல் 1809 ஜனவரியில், இங்கிலாந்துக் கரையைத் தாண்டும் முன்பே, குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980-களில் முக்குளிப்பவர்கள் அந்தச் சரக்கை லட்சக்கணக்கான காசுகளாக வெளியே எடுத்தார்கள். ஒருநாள்கூடச் சென்னைக் கடைத்தெருவைப் பார்க்காத காசுகள் அவை. எழுத்துகள் கூர்மையாக இருக்கும், உப்புநீர் அரித்த தடம் மட்டும் மேலே படிந்திருக்கும். ஏராளமாக வந்ததால் இருநூறு வயதுக் காசு எளிய விலைக்கே கிடைக்கிறது. இப்படி ஒரே ஒரு புதையல் ஒரு காசின் விலையைத் தலைகீழாக்கிவிடும் என்பதால், அனுபவசாலிகள் காசின் வயதைக் கேட்பதற்கு முன், இதுபோல் இன்னும் எத்தனை இருக்கின்றன என்று கேட்பார்கள்.

வெள்ளிக்காசுக்குக் கீழ்விலை ஒன்று உண்டு. பிரிட்டிஷ் இந்திய ரூபாயின் எடை 11.66 கிராம்; 1939 வரை அதில் வெள்ளி 91.7 சதவீதம். பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 10.69 கிராம் சுத்த வெள்ளி. அன்றாட வெள்ளி விலையால் பெருக்கினால் வருவதுதான் அந்தக் காசின் உலோக விலை. தேய்ந்த விக்டோரியா ரூபாயானாலும் அதில் எஞ்சியிருக்கும் வெள்ளியின் மதிப்புக்குக் கீழே போகாது. இரண்டாம் உலகப் போரின்போது, 1940-ல், வெள்ளியைப் பாதியாக்கிவிட்டார்கள். 1940 முதல் 1945 வரையிலான ரூபாயில் 5.83 கிராம் வெள்ளிதான் இருக்கும். 1946-லும் 1947-லும் வந்த ரூபாய் முழுக்க நிக்கல். ‘எல்லாம் வெள்ளிதான் சார்’ என்று 1938-ஐயும் 1944-ஐயும் ஒரே குவியலில் போட்டு ஒரே விலை சொல்பவரிடம் இந்தக் கணக்கைப் போட்டுக்காட்டினால் பேரத்தின் போக்கே மாறும்.

உலோக விலைக்கு மேலே எழும் ஒவ்வொரு ரூபாயும் தரத்துக்கோ அரிய தன்மைக்கோ உரிய விலை. சேகரிப்பாளர்கள் தரத்தை ஆங்கிலப் பெயர்களாலேயே சொல்கிறார்கள்: குட், வெரி குட், ஃபைன், வெரி ஃபைன், எக்ஸ்ட்ரீம்லி ஃபைன், கடைசியில் புழங்காத காசுக்கு யு.என்.சி. புதிதாக வருகிறவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘குட்’ என்று எழுதிய உறைக்குள் இருப்பது நன்றாகத் தேய்ந்து, உருவத்தின் வெளிக்கோடு மட்டும் எஞ்சிய காசு. ‘ஃபைன்’கூட நடுத்தரத் தேய்மானம்தான். ‘வி.எஃப்.’ தொடங்கித்தான் நுணுக்கங்கள் கண்ணுக்குக் கிடைக்கும்.

தேய்மானம் காசின் மேல் எல்லா இடத்திலும் சமமாக நடப்பதில்லை. மேடான இடம் முதலில் மழுங்கும். விக்டோரியா காசில் நெற்றிக்கு மேலுள்ள கூந்தலும் உடையின் பூவேலையும். ஐந்தாம் ஜார்ஜ் காசில் கிரீடத்தின் மணிகள், காது, மீசை, அங்கியின் யானை. ஒவ்வொரு காசுக்கும் இந்த மேடுகள் எவையென்று தெரிந்துகொண்டவருக்கு முழுக் காசையும் ஆராயத் தேவையில்லை. நான்கு புள்ளிகளைப் பார்த்தால் போதும்.

பார்க்கும் விதமும் முக்கியம். காசின் முகத்தில் விரல் படாமல், விளிம்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே பிடித்து, ஒற்றை விளக்கின் கீழ் மெல்லச் சாய்க்க வேண்டும். புழங்காத காசென்றால், சாய்க்கச் சாய்க்க ஒளிக்கதிர்கள் நடுவிலிருந்து விளிம்பு வரை பட்டையாகச் சுழலும். அச்சு அழுத்தும்போது உலோகம் வெளிநோக்கி ஓடியதால் உண்டான நுண்வரிகள் அவை. ஒரு முறை தேய்த்தால் போயிற்று. பிறகு எந்த மருந்தாலும் திரும்ப வராது. நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் பத்து மடங்கு பூதக்கண்ணாடி ஒன்று போதும், அந்த வரிகள் மேடுகளின் மீதும் தொடர்கின்றனவா, அங்கே சாம்பல் பூத்து நின்றுவிடுகின்றனவா என்று பார்த்துவிடலாம். நின்றுவிட்டால் அது கைமாறிப் புழங்கிய காசு. இன்னொரு வகையும் உண்டு: யானை மழுங்கலாக இருக்கும், ஆனால் அதன் மேலேயும் மினுமினுப்பு ஓடும். அங்கே தேய்மானம் ஏதுமில்லை, அடிக்கும்போதே அச்சு சரியாகப் பதியவில்லை. இந்த இரண்டையும் பிரித்தறிவதுதான் தரம் பார்ப்பதில் கடினமான பகுதி. ஒரே வகைக் காசுகள் பலவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்துப் பழகுவதைத் தவிர இதற்குக் குறுக்குவழி கிடையாது.

தரத்தை எண்ணில் சொல்லும் வழக்கத்தைத் தொடங்கியவர் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்க உளவியலாளர். 1949-ல், பழைய அமெரிக்க செப்பு சென்ட்டுகளுக்காக 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். அது தொடக்கத்தில் விலைக் கணக்குதான்: அடிப்படை நிலையில் உள்ள காசு ஒரு டாலர் என்றால், குறையில்லாத காசு 70 டாலர். விலைகள் எங்கெங்கோ ஓடிப்போன பிறகும் எண்கள் தங்கிவிட்டன. அதே ஷெல்டன், அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் சேகரிப்பிலிருந்து உயர்தர சென்ட்டுகளை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் தன்னுடைய மட்டமான காசுகளை வைத்தது பிற்பாடு தெரியவந்து, விவகாரம் நீதிமன்றம் வரை போனது. தரம் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் செய்த காரியம் இது என்பது வருத்தமான செய்தி. அவர் தந்த அளவுகோலை மட்டும் உலகம் வைத்துக்கொண்டது.

1986-ல் பி.சி.ஜி.எஸ்., 1987-ல் என்.ஜி.சி. என்று இரண்டு அமெரிக்க நிறுவனங்கள் தொடங்கின. காசை அனுப்பினால், நிபுணர்கள் பார்த்து, எண் கொடுத்து, உடைக்காமல் திறக்க முடியாத பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்துத் திருப்பி அனுப்புவார்கள். இந்திய ஏலங்களிலும் இப்போது இந்தப் பெட்டிக்காசுகள் நிறைய வருகின்றன. 60-லிருந்து 70 வரை எல்லாமே புழங்காத காசுகள்தான். 63-க்கும் 65-க்கும் உள்ள வேறுபாடு, நாணயச்சாலைப் பைக்குள் காசும் காசும் உரசிய தடங்கள் எத்தனை, அவை மன்னரின் கன்னத்தில் விழுந்தனவா, ஓரத்தில் விழுந்தனவா என்பது. அந்த இரண்டு எண்ணுக்குள் விலை இரட்டிப்பாவதும் நடக்கும். பெட்டி நம்பிக்கை தருகிறது என்பது உண்மை. ஆனால் பெட்டியையே போலியாகச் செய்கிறவர்களும் உண்டு. எனவே பெட்டியின் மேலுள்ள சான்றிதழ் எண்ணை நிறுவனத்தின் இணையப் பதிவோடும் படத்தோடும் ஒப்பிட்ட பிறகே பணத்தை எடுக்க வேண்டும். ஒரே தர எண் பெற்ற இரண்டு காசுகளில் ஒன்று அழகாகவும் மற்றது களையில்லாமலும் இருக்கும். வாங்குவது காசை, எண்ணை அல்ல.

நம் வீடுகளில் காசின் மதிப்பைக் கெடுப்பது திருடனைவிடப் புளிதான். தாத்தாவின் பெட்டியில் கறுத்துக் கிடந்த ரூபாயை எடுத்ததும், செப்புக்குடம் தேய்க்கிற வழக்கத்தில், புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பார்கள். வெள்ளிக்குத் திருநீறு, சிலருக்குப் பற்பசை. காசு பளபளவென்று வரும். தேய்த்தவருக்கும் சந்தோஷமாக இருக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் பரப்பு முழுவதும் தலைமுடி போல நுண்கீறல்கள், எல்லாம் ஒரே திசையில். எழுத்துகளின் இடுக்கில் மட்டும் பழைய கறுப்பு ஒளிந்திருக்கும். தர நிறுவனங்கள் இப்படிப்பட்ட காசுக்கு எண் கொடுக்காமல், ‘தேய்த்துச் சுத்தம் செய்யப்பட்டது’ என்ற குறிப்போடு திருப்பிவிடும். வெள்ளியில் பல ஆண்டுகளாகத் தானாகப் படிந்த நீலமும் பொன்னிறமும் கலந்த கறுப்பைக் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது தேய்த்தவர்களுக்குத் தெரியாது. தண்ணீரில் கரைகிற மண்ணை காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து எடுக்கலாம். அதற்கு மேல் ஒன்றும் செய்யக் கூடாது. மெழுமெழுப்பான பி.வி.சி. பிளாஸ்டிக் உறைகளும் நாளடைவில் காசின் மேல் பச்சைப் பிசினை உண்டாக்கும். அவற்றையும் மாற்றிவிட வேண்டும்.

சங்ககாலச் செப்புக்காசுகளில் இப்படிச் சுத்தம் செய்வதால் வரும் சேதம் இன்னும் கொடியது. மதுரைப் பக்கம் வைகையிலும் கரூரில் அமராவதியிலும் மணலை அரித்தெடுப்பவர்களிடம் கிடைக்கும் இந்தச் சிறு காசுகளுக்கு ஃபைன், வெரி ஃபைன் என்ற தரவரிசை பொருந்தாது. சின்னம் தெரிகிறதா, எழுத்து படிகிறதா என்பதே கேள்வி. தினமலர் ஆசிரியராக இருந்த நாணயவியலாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி கண்டு வெளியிட்ட ‘பெருவழுதி’ காசின் முக்கியத்துவம் முழுவதும் அதன் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துகளில் இருக்கிறது. பாண்டிய மன்னனின் பெயரை அவனுடைய காசிலேயே படிக்க முடிந்தது அதனால்தான். அமிலத்தில் போட்டுப் பச்சைக்களிம்பை எடுத்திருந்தால், களிம்போடு எழுத்தும் போயிருக்கலாம்.

பாட்டிமார்களின் காசுமாலையும் கழுத்துக் கயிறும் இன்னொரு தடத்தை விட்டுச் சென்றிருக்கின்றன. காது வைத்துப் பற்றவைத்த காசுகள் ஏராளம். காதை அறுத்துவிட்டு விளிம்பை அரத்தால் ராவி விற்பனைக்குக் கொண்டுவருவார்கள். முகம் அற்புதமாக இருக்கும். விளிம்பைச் சுற்றிலும் பார்த்தால் பன்னிரண்டு மணி இடத்தில் வரிகள் காணாமல் போயிருக்கும், அல்லது பற்றுப் பொடியின் மஞ்சள் தெரியும். பணம் மாற்றும் சராப்புகள் வெள்ளியைச் சோதிக்கக் குத்திய சிறு முத்திரைகளும் ரூபாயின் விலையைக் குறைக்கின்றன, அவை அந்தக் காசு எத்தனை கை பார்த்தது என்பதற்குச் சான்றாக இருந்தாலும். விளிம்பைப் பார்க்காமல் காசு வாங்குவது, அடியைத் தட்டிப் பார்க்காமல் பானை வாங்குவதற்குச் சமம்.

அரிது எது என்பது பெரும்பாலும் மிகச் சிறிய அடையாளத்தில் இருக்கிறது. 1862 என்று பொறித்த விக்டோரியா ரூபாய் 1862-ல் மட்டும் அடிக்கப்பட்டதல்ல. அதே ஆண்டைப் போட்டே 1874 வரை அடித்தார்கள். பம்பாய் காசுகளில் பூவேலைக்கு நடுவே சேர்த்த சிறு புள்ளிகளை எண்ணித்தான் இன்று வகைகளைப் பிரிக்கிறார்கள். ஒரு புள்ளி கூடினால் சாதாரணக் காசு அரிய காசாகும். சுதந்திரத்துக்குப் பிந்தைய காசுகளில் ஆண்டுக்குக் கீழே வைரவடிவம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், வட்டப்புள்ளி நொய்டா. ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. ஒரே ஆண்டில் ஒரு நாணயச்சாலை கோடிக்கணக்கில் அடித்திருக்கும், இன்னொன்று சொற்பமாக அடித்திருக்கும். வீட்டுச் சில்லறை டப்பாவைக் கொட்டிப் பிள்ளைகளோடு சேர்ந்து தேடுவதற்கு இதைவிட நல்ல விளையாட்டு இல்லை.

ஆறாம் ஜார்ஜின் 1939 ரூபாய் இந்தத் துறையில் எல்லோரும் தேடுவது. 91.7 சதவீத வெள்ளியில் அவர் பெயரில் வந்தவை 1938, 1939 என்று ஆண்டு பொறித்த காசுகள் மட்டுமே. அதில் 1939 மிகக் குறைவாகவே எஞ்சியிருக்கிறது. தேவை இருக்கும் இடத்துக்குப் போலியும் வந்துவிடும். 1938-ன் கடைசி எண்ணைச் செதுக்கி 9 ஆக்குவது ஒரு வழி, புதிதாக வார்ப்பது இன்னொரு வழி. வார்த்த காசில் எழுத்துகள் சோப்பில் எழுதியதுபோல் மொழுக்கென்று இருக்கும், பரப்பில் ஊசிமுனைக் குழிகள் தெரியும், விளிம்பில் இரண்டு பாதிகள் சேர்ந்த கோடு ஓடும். அச்சடித்த போலியைப் பிடிப்பது கடினம். அங்கே உதவும் உத்தி ஒன்று உண்டு: இரண்டு காசுகளில் ஒரே கீறல் ஒரே இடத்தில் இருந்தால் அந்தக் கீறல் அச்சிலேயே இருக்கிறது, அதாவது அச்சே ஒரு பழைய காசிலிருந்து எடுத்தது என்று அர்த்தம். புழக்கத்தில் விழுந்த கீறல் இரண்டு காசில் ஒன்றுபோல விழாது.

வீட்டிலேயே செய்யக்கூடிய நல்ல சோதனை ஆர்க்கிமிடீஸ் காலத்தது. நூறில் ஒரு பங்கு கிராம் வரை காட்டும் சின்ன மின்தராசின் மேல் தண்ணீர்க் குவளையை வைத்து, அளவைச் சுழியாக்கி, நூலில் கட்டிய காசை அடியிலும் சுவரிலும் படாமல் முழுக்க மூழ்க விட வேண்டும். 11.66 கிராமுள்ள நல்ல வெள்ளி ரூபாய்க்குத் தராசு 1.13 கிராம் சுற்றிக் காட்டும். அதே எடையில் வெள்ளி முலாம் பூசிய பித்தளைப் போலி என்றால் 1.35-ஐத் தாண்டும். காசைத் தரையில் போட்டு ஓசை கேட்பவர்கள் விளிம்பை நசுக்கிவிடுகிறார்கள். இதில் அந்தச் சேதம் இல்லை. காந்தத்தை மட்டும் நம்பக் கூடாது. பித்தளைப் போலி காந்தத்தில் ஒட்டாது. உண்மையான 1947 நிக்கல் ரூபாயோ ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும்.

போலி என்றுகூடச் சொல்ல முடியாத ஒரு கூட்டம் தனியாக இருக்கிறது. ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ ஒருபக்கம், மறுபக்கம் ‘கிழக்கிந்தியக் கம்பெனி 1818’ என்று பொறித்த காசுகள். கம்பெனி அப்படிக் காசு எதையும் வெளியிட்டதே இல்லை. பிற்காலத்தில் செய்யப்பட்ட வில்லைகள் அவை. ‘அரிசியை இழுக்கும்’, ‘தெய்வ சக்தி உள்ளது’ என்று சொல்லி இவற்றுக்கு லட்சங்களைக் கறக்கும் கும்பல்களால் குடும்பங்கள் நொடித்துப்போயிருக்கின்றன. வைஷ்ணோ தேவி உருவமுள்ள ஐந்து ரூபாய்க் காசும், டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டும் லட்சக்கணக்கில் விலைபோகும் என்று பரவும் செய்திகளும் இந்த ரகம்தான். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிப் பழைய காசு வாங்குவதாகக் கட்டணமும் வரியும் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. காசை விற்க வந்தவரிடம் முன்பணம் கேட்டாலே அது மோசடி.

உண்மையான விலையை அறிய, விற்பவர் கேட்கும் தொகையைப் பார்க்கக் கூடாது. இணையத்தில் யார் எதற்கும் எந்த விலையும் போடலாம். ஏல நிறுவனங்கள் ஏலம் முடிந்ததும் வெளியிடும் விலைப்பட்டியலே நம்பத்தக்கது: இன்ன தரத்தில் இன்ன காசை ஒருவர் பணம் கொடுத்து வாங்கியிருக்கிறார் என்று அது சொல்கிறது. ஒரே ஏலத்தை வைத்து முடிவு செய்யாமல், அதே தரத்தில் விற்ற நான்கைந்து காசுகளின் படங்களோடு கையிலிருப்பதை ஒப்பிட வேண்டும். ஏலத்தொகைக்கு மேல் நிறுவனத்தின் தரகுக் கட்டணமும் ஜி.எஸ்.டி.யும் சேரும் என்பதை மறந்து கையைத் தூக்கியவர்கள் பிறகு வருந்துகிறார்கள்.

சட்டமும் விலையோடு ஒட்டியதுதான். 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த காசு தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் உறவினருக்குப் பரிசாக ஒரு விக்டோரியா ரூபாயைப் பெட்டியில் வைத்து அனுப்புவதும் இதில் அடங்கும். நிலத்தில் கிடைப்பதற்கு 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு. தெரிவித்தவருக்கு இழப்பு என்று பலர் பயப்படுகிறார்கள். உரிமை கோர வேறு யாரும் இல்லையென்று முடிவானால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கும் நிலத்துக்காரருக்குக் கால் பங்கும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. அரசு எடுத்துக்கொண்டாலும் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஏர்முனையில் சிக்கிய பானையை உடைத்துக் காசுகளை ஆளுக்கொரு கைப்பிடியாகப் பிரித்து வியாபாரிக்குத் தள்ளிவிடும்போது, எந்தக் காசோடு எந்தக் காசு கிடந்தது என்ற தகவல் அழிகிறது. அந்தத் தகவலை வைத்துத்தான் ஒரு மன்னனின் காலத்தையே ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். அதனால், எங்கே கிடைத்தது என்று கேட்டால் பதில் சொல்லத் தயங்கும் வியாபாரியிடம், காசு எவ்வளவு அழகாக இருந்தாலும், வாங்காமல் வருவதே சரி.